சந்தனம் வைத்த டயர்

கடையில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அத்தை முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். டம்ளர், டார்ச் லைட், குடை, பூட்டு, எதுவானாலும் சரி. என்ன நிறம், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். அடியில் ஒட்டியிருக்கிற சீட்டையோ, அச்சாகப் பதிந்திருக்கிற எழுத்தையோ வலது கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை முகத்தருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு ஆங்கில எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது லாரி டயர்கள். டயரின் பக்கவாட்டில் இருப்பதெல்லாம் பெரிய எழுத்து என்பதால் அத்தைக்கும் பெரிய எழுத்து மட்டுமே தெரியும். பொருளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் என்னிடம் நீட்டுவார்.

"எந்தூரு போட்டிருக்குது, பாரு அம்மிணி."

நான் படித்துச் சொல்வேன். வெளிநாடு என்றால் பொருளை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிடுவார். வைத்துவிட்டுப் பேசாமல் வந்தால் பரவாயில்லை. கடைக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, இதுல யாரு ஊட்டுல சோறு வேகுது?" என்று கேட்பார். அவருக்கு அது நிஜமான கேள்வி. பதில் வரும்வரை நகர மாட்டார். ஒருமுறை ஒரு கடைக்காரர் சலித்துப்போய், "எங்க ஊட்டுலதானுங்க வேகுது" என்றார். "உங்க ஊட்டுல மட்டும் வெந்தாப் போதுமுங்களா?" என்றார் அத்தை. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அத்தையோடு கடைக்குப் போகும்போதெல்லாம், இந்தப் பெண்மணி எனக்கு யாரோ என்பதுபோல நாலு அடுக்குத் தள்ளி நின்றுகொள்வது என் வழக்கம்.

நான் சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது வாளியும் பூட்டும் வாங்கித் தர அத்தைதான் வந்தார். மேசையில் வைத்துப் படிக்க ஒரு விளக்கு வேண்டும் என்றேன். கடையில் வெள்ளை நிறத்தில், கழுத்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கக்கூடிய சின்ன விளக்கு ஒன்று இருந்தது. என் அறைத் தோழிகள் இருவரிடமும் அதே விளக்கு. அத்தை அதைக் கவிழ்த்தார், தேய்த்தார், வைத்தார். அதற்குப் பதிலாக இரும்புத் தகட்டில் பச்சை பெயிண்ட் அடித்த ஒன்றை வாங்கித் தந்தார். பட்டறைகளில் வெல்டிங் வைப்பவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வது போல இருக்கும். விடுதியில் இருந்த காலம் முழுக்கப் பகலில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியே வைத்திருந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாமக்கல்லில் சேலம் ரோட்டை ஒட்டி அவர்களுக்கு ஒரு ரீட்ரெடிங் பட்டறை இருந்தது. தேய்ந்து வழுக்கையாகிப் போன லாரி டயர்கள் அங்கே வரும். மேல்பரப்பைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, சேம்பர் என்று சொல்கிற பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி வேக வைப்பார்கள். வெந்து வருகிற டயர் மறுபடி பல மாதம் ஓடும். பட்டறையை ஆரம்பித்தது மாமா. ஆனால் அவருக்கு வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போவதில்தான் ஆசை. அவர் ஊருக்கு வருவது விருந்தாளி வருவது போல. பட்டறையை நடத்தியது அத்தைதான். கனத்த உடம்பு, கனத்த குரல். சுரண்டுகிற இயந்திரத்தின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். ரகசியம் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும்.

அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் எழுத வரவில்லை. அவர் வீட்டில் ஒரு மிக்சி இருந்தது. கோயமுத்தூரில் யாரோ செய்தது. போட்டால் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் துள்ளிக்கொண்டே போகும். இடது கையால் அதன் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருகுவார். "கழுதை மாதிரி ஒதைக்குதுங்களே அத்தை" என்று ஒருநாள் சொன்னேன். "ஒதைச்சா ஒதைச்சுட்டுப் போவுது. நம்மூருக் கழுதைதான" என்றார். அவருடைய கைப்பேசி எங்கே செய்தது என்று இன்னொரு நாள் கேட்டேன். "அதுக்குத்தான் முதுகு தெரியாம வெக்கறது" என்றார். நிஜமாகவே அதை எப்போதும் அப்படித்தான் வைத்திருந்தார், எழுத்து இருக்கிற பக்கம் மேசையைப் பார்த்தபடி.

எருமப்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் அப்பாவின் லாரி நிற்கும். ஒரே லாரி, அவரே ஓட்டுநர். முன்சக்கரத்துக்குப் புது டயர் வாங்குவார். அது தேய்ந்ததும் அத்தையின் பட்டறைக்குப் போய்ப் புது ரப்பர் போர்த்திக்கொண்டு பின்சக்கரத்துக்கு வந்துவிடும். எங்கள் லாரியின் பின்பக்கம் முழுக்க அத்தையின் சேம்பரில் வெந்ததுதான். ஆயுத பூஜை அன்று அத்தை வந்து ஆரத்தி சுற்றி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால்தான் அப்பா வண்டியை எடுப்பார். அக்காவின் கை ராசியான கை என்பார். அத்தையும் பழத்தை வைத்துவிட்டு அப்படியே வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார், பேரப்பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டுவதைப் போல.

அந்த ஆண்டுகளில்தான் சைனா டயர்கள் வந்து இறங்கின. பழைய டயருக்கு ரப்பர் ஒட்டுகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது டயரே கிடைத்தது. நாமக்கல் முழுக்க அதே பேச்சு. டீக்கடையில், லாரி நிறுத்துகிற செட்டில், பாடி கட்டுகிற பட்டறையில் எல்லாம் யாராவது ஒருவர் வாங்கிப் போட்டுவிட்டு, இன்னொருவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் பூஜை விடுமுறைக்கு வந்திருந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளச் சொன்னார். டயருக்கு வைக்கிற பொட்டை எழுத்தின் மேலேயே வை, பெரிதாக வை என்றார். நான் வைத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை என்றுதான் இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்காமல் இருந்திருக்கவும் கூடும்.

உறவினர்கள் வந்திருந்தார்கள். அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தார். பழம் வைக்க முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார். பொட்டு என்றால் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று இருக்கும். நான் வைத்திருந்தது ஒரே இடத்தில் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி. அத்தை தட்டைக் கீழே வைத்தார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. எழுத்து வெளியே வந்தது. வாய்க்குள்ளேயே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எழுந்து பின்னால் போய் அங்கேயும் தேய்த்தார். அப்பா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். டீசல் ஏறியது, டோல் ஏறியது, வாடகை மட்டும் ஏறவில்லை, வண்டித் தவணை நிற்கிறது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஊருக்குள்ள வேற எவன் வாங்கியிருந்தாலும் நான் கேக்க மாட்டேன். நீ என்ற கூடப் பொறந்த தம்பி" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "வாங்குனதுகூடச் செரி. கஷ்டம், வாங்கிட்ட. சாமிக்கு வெக்கற சந்தனத்தை எடுத்து அது மேல அப்பி மறைச்சியேடா."

கட்டைவிரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை அப்பாவின் தோள்துண்டில் துடைத்துவிட்டுப் போனார். எலுமிச்சம்பழங்கள் தட்டிலேயே இருந்தன. அந்த ஆண்டு அம்மாதான் பழம் வைத்தார்.

அதன்பின் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, பட்டறைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்று அத்தை யாரிடமோ சொல்லியனுப்பினார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மறுநாளே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அவர் அக்காவுக்கு அனுப்பிய சமாதானம் நான்தான் என்று எனக்குப் புரிந்தது. அத்தையும் எதுவும் கேட்கவில்லை. "சாப்ட்டுட்டு உக்காரு சாமி" என்று மட்டும் சொன்னார்.

முன்பெல்லாம் பட்டறை முற்றத்தில் தேய்ந்த டயர்கள் காம்பவுண்டுச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். நான் வேலைக்குப் போனபோது அங்கே புல் முளைத்திருந்தது. டயர் வருவது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆட்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். அத்தை யாரையும் போகச் சொல்லவில்லை. வேலை இல்லாத நாட்களில் வேலையைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்வார். அடித்த சுவருக்கே மறுபடி அடிக்கச் சொல்வார். சேம்பரைத் துடைக்கச் சொல்வார். நாலே நாலு டயர் இருந்தாலும் சேம்பரைப் போட்டுவிடுவார். அது நிறைய டயருக்கு ஆகிற அதே விறகு, அதே கரண்டு. கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒருநாள் அதைச் சொன்னேன். "சேம்பர் ஆறுச்சுன்னா ஆளு போயிருவான். ஆளு போனா அப்பறம் டயர் வந்தாலும் ஒட்டறதுக்கு யாரு இருக்கறா?" என்றார்.

சேம்பரைப் பார்த்துக்கொண்டவர் மணி அண்ணன். பதினெட்டு வயதில் வந்தவர், அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். முன்கை முழுக்கச் சூடு பட்ட தழும்பு. அவர் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் ஒருநாள் அவள் பேச்சை எடுத்து, "இன்னும் ரெண்டு வருசந்தாங்க்கா" என்பார். அதை ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அத்தைக்குத் தெரியும். மணி அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. அந்த இரண்டு வருடத்துக்காகத்தான் அத்தை கடைசியில் அதைச் செய்தார் என்று நான் நினைக்கிறேன்.

வெளிநாட்டு டயர் விற்கிற ஏஜென்ட் ஒருவர் ஏற்கனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். அத்தை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஒருநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவரே அந்த ஏஜென்ட்டுக்குப் போன் செய்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பேசினார். அவருக்கும் மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்கு மறுபடி தெரிந்துகொண்டேன். டயர்கள் வந்து இறங்கியபோது மணி அண்ணனைக் கூப்பிட்டு, இடம் சும்மாதானே கிடக்கிறது, அந்த மூலையில் அடுக்கி விற்போம், அதில் வருவதை வைத்துச் சேம்பர் ஓடட்டும் என்றார். மணி அண்ணன் தலையை ஆட்டினார்.

கணக்குப்படி அது சரியாகத்தான் இருந்தது. நானே போட்டுப் பார்த்தேன். ஆனால் நாங்கள் இருவரும் யோசிக்காத ஒன்று இருந்தது. ரப்பர் ஒட்டுவதற்கென்று தேய்ந்த டயரை உருட்டிக்கொண்டு வருகிறவர், நேராக அந்த மூலையைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். வந்தவர் நின்று பார்ப்பார். விலை கேட்பார். "அட, இன்னுங் கொஞ்சம் போட்டாப் புதுசாவே வருதே" என்று தேய்ந்ததை அங்கேயே போட்டுவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டு போவார். வேறு எங்கேயும் போகாமல் அத்தையிடமே வந்துகொண்டிருந்தவர்கள்தான் அப்படிப் போனார்கள். சேம்பருக்குச் சோறு போட வைத்த டயர், சேம்பருக்கு வர இருந்ததைத் தின்றது. இது தெரிந்தபோது மூலையில் அடுக்கு பாதிக்கு மேல் காலியாகி, மறுபடி நிரப்பியும் ஆகிவிட்டது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, சேம்பருக்கு வாழைக்கன்றும் மாலையும் கட்டினார்கள். அத்தை என்னிடம் சந்தனம் கேட்டார். கரைத்துக் கொடுத்தேன். எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு மூலைக்குப் போனார். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டயராக வைத்தார். எழுத்தின் மேலேயே வைத்தார். ஒன்றோடொன்று ஒட்டி, வரிசையாக.

வைத்து முடிக்கும் நேரத்தில் அப்பா வந்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு பூஜைக்கென்று வருவது அதுதான் முதல் தடவை. அத்தை திரும்பிப் பார்த்தார். கையில் சந்தனக் கிண்ணம். மணி அண்ணன் சேம்பர் பக்கத்தில் நின்றார். அப்பா அத்தையைப் பார்த்தார், டயர் அடுக்கைப் பார்த்தார். அவர் பார்வை எங்கே போய் நின்றது என்று அங்கிருந்த எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

அப்பா விரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். தேய்க்க வேண்டும் என்று விரும்பினேன். உறவினர் முன்னால் அப்பா கற்பூரத்தோடு நின்றதற்காக, கடை கடையாக நான் தள்ளி நின்றதற்காக, துண்டு போட்டு மூடி வைத்த அந்தப் பச்சை விளக்குக்காக. இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அப்பா கிட்டே போய்க் குனிந்தார். ஒரு டயரில் சந்தனம் சரியாகப் படாமல் ஒரு எழுத்தின் வால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தையின் கையிலிருந்த கிண்ணத்தில் விரலை நனைத்து அதன்மேல் வைத்தார்.

"சந்தனம் பத்தலைங்க்கா" என்றார்.

அத்தை அவரைப் பார்த்தபடியே இருந்தார். "போடா" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பது போல.

தீபாவளி போனதும் சேம்பரைப் போடுகிற நாட்கள் குறைந்தன. அத்தை அப்போதும் யாரையும் போகச் சொல்லவில்லை. வேலை இல்லாத இடத்தில் உட்கார்ந்து கூலி வாங்கக் கூச்சப்பட்டு அவர்களே ஒவ்வொருவராகப் போனார்கள். இரண்டு பேர் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனார்கள். ஒருவர் திருப்பூருக்கு. கடைசியாக மணி அண்ணன். போகிற அன்று சேம்பரின் கதவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அத்தை உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. மூலையில் இருந்த டயர்கள் தீர்ந்ததும் அத்தை புதிதாக வாங்கவில்லை. லாபம் வருகிறதே என்று கேட்டேன். "சேம்பருக்காவத்தான் இது. அதே இல்லைன்னா இது எதுக்கு?" என்றார். இப்போது அந்தப் பட்டறையில் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

என் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கப் போனபோது அத்தை வந்தார். எதையும் கவிழ்க்கவில்லை. எதைக் காட்டினாலும், "உனக்குப் புடிச்சிருந்தா எடு சாமி" என்றார். கவிழ்க்க மாட்டாரா என்று அன்று முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்துவிட்டோம். மகள் பிறந்த பிறகு என் நேரம் பாதி கைப்பேசியில்தான் போகிறது. தூங்குகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விலை பார்ப்பேன். இந்த பெயிண்டை வாயில் வைத்தால் என்ன ஆகும், இந்தச் சக்கரம் கழன்றால் விழுங்கிவிடுவாளா என்று ஒவ்வொன்றுக்கும் பயப்படுவேன். பயந்து பயந்து, கடைசியில் எது விலை குறைவோ அதை வாங்கிவிடுவேன். எங்கே செய்தது என்று பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், அது எனக்கு நன்றாக வந்துவிட்டது.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு நடைவண்டி வாங்கினேன். பிளாஸ்டிக். தள்ளினால் விளக்கு எரியும், பாட்டுப் பாடும். மரத்தில் செய்ததும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதன் விலை கூடுதல். மேலும் மரத்தில் சிலாம்பு இருந்து குழந்தையின் கையில் குத்துமோ என்று ஒரு பயம். அந்தப் பயம் உண்மையா, விலைக்கு நான் தேடிக்கொண்ட சாக்கா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பார்சலைக் கொண்டுவந்தவருக்குக் கதவைத் திறந்தேன். மணி அண்ணன். முதுகில் பெரிய பை, தலையில் ஹெல்மெட். சேலத்திலேயே வாடகைக்கு இருப்பதாகவும், மகள் படிப்பை முடித்து ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் சொன்னார். இடையில் ஒரு வருடம் கட்ட முடியாமல் நின்று, மறுபடி சேர்ந்து முடித்தாளாம். தண்ணீர் குடித்தார். அட்டைப்பெட்டியைத் தட்டி, "இதுலயும் சோறு வேகுதுங்க பாப்பா, என்ன பண்றது" என்று சிரித்தார். பிறந்தநாளுக்கு அத்தை வருவார், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான்தான் கொண்டாந்து குடுத்தேன்னு அக்காகிட்டச் சொல்லீராதீங்க பாப்பா."

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எந்த ஊர் என்று அதில் இருந்தது. நகத்தால் உரித்தேன். பாதிதான் வந்தது. தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து மீதியையும் எடுத்தேன். அத்தைதான் இப்போதெல்லாம் எதையும் பார்ப்பதில்லையே, எதற்காக இதைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் செய்தேன்.

அத்தை தனியாகப் பஸ் ஏறி, சேலத்தில் மாறி வந்தார். கால் வலிக்கிறது என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தார். மகள், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற கூடத்தில், பிளாஸ்டிக் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது பாடிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தார். "அட, பாட்டெல்லாம் பாடுதா?" என்று தரையில் உட்கார்ந்து, குழந்தையைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டு வண்டியைத் தூக்கினார். தூக்கிய கை, பழைய பழக்கத்தில், தானாகவே அதைக் கவிழ்த்தது. கட்டைவிரல் அடியில் போனது. சீட்டு இருந்த இடத்தில் பசை போகாமல் இருந்தது. விரல் அங்கே ஒட்டி நின்றதை நான் பார்த்தேன். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்துப்போன ஒரு சதுரம்.

அத்தை குனிந்து பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. வண்டியை நேராக்கிக் குழந்தையின் முன்னால் வைத்து, "தள்ளு சாமி, தள்ளு" என்றார். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு சாப்பிட்டார், எல்லாரிடமும் சத்தமாகப் பேசினார், சிரித்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பின்னால், சுவரோரமாக, துண்டு சுற்றிய ஏதோ ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அத்தை அதை எடுத்து இடுப்பில் வைத்தார். துண்டு நழுவியது. மரத்தில் செய்த நடைவண்டி. மூன்று சக்கரமும் சிவப்பு, பிடிக்கும் கட்டை மஞ்சள்.

"யாருக்குங்கத்தை?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

"எங்க பக்கத்து ஊட்டுப் பேரனுக்கு. வர்ற வழியில சேலத்துல வாங்குனேன். திரும்பிப் போறப்ப வாங்கலாம்னா கடை சாத்தீருவானில்ல" என்றார்.

பிடிக்கும் கட்டையின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, அதன்மேல் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது. சேலத்துக் கடையில் வரும் வழியில் வாங்கிய பொருளில் காய்ந்த சந்தனம் இருக்காது. வீட்டில் சாமிக்கு முன்னால் வைத்து எடுத்து வந்திருக்கிறார். உள்ளே கொண்டு வாங்கத்தை, அது இவளுக்குத்தானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வண்டியின் அடியில் இருந்த சதுரத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். "நல்லா இருக்குதுங்கத்தை" என்றேன்.

இப்போது அத்தை ஓசூரில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். பிளாஸ்டிக் வண்டி இன்னும் பாடுகிறது. அது கெட்டுப் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பஸ் ஸ்டாப்புக்கு நானும் போனேன். நடைவண்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். கனமாக இருந்தது. சிலாம்பு எங்கேயும் இல்லை. வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன், எல்லா ஓரமும் வழுவழுவென்று தேய்த்திருந்தது. டவுன் பஸ் வந்தது. அத்தை ஏறினார். நான் வண்டியைப் படியில் தூக்கி வைத்தேன். கூட்டம் இருந்தது. கண்டக்டர் குனிந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டு, "இது யாருதுங்க?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"என்றதுதானுங்க."